கொடுத்தவர், பெற்றவர்

மெத்தைக் கிடங்கில் பன்னிரண்டு வருடம் குப்பை கொட்டிய மனிதர், ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், காலுறையைக்கூடக் கழற்றாமல் வீட்டுக் கூடத்தின் நடுவில் நின்று அறிவித்தார்.

"நான் படிக்கப் போறேன்."

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். "படிங்களேன். பேப்பர் அந்த நாற்காலி மேலதான் கிடக்கு."

"பேப்பர் இல்ல. பட்டம்!"

"இந்த வயசுல பட்டமா? மொட்டை மாடிக்கெல்லாம் ஏறாதீங்க. போன தடவை ஏணியில நின்னதுக்கே மூணு நாள் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு இருந்தீங்க."

"காத்துல விடற பட்டம் இல்ல! காலேஜ் பட்டம். நிர்வாகவியல்!"

மூலையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள் தலையைத் தூக்கினாள். "அப்பா, வீட்டுப்பாடம் செய்யாம போனா உங்களையும் வெளியில நிக்க வைப்பாங்களா?"

"இவரை உள்ள நிக்க வைக்கறதுதான் கஷ்டம்," என்றாள் மனைவி, ஒரு தலையணை உறையை நாலாக மடித்தபடி.

இந்த வீட்டில் எந்தப் பெரிய முடிவுக்கும் கிடைக்கிற வரவேற்பு இவ்வளவுதான். தெருவில் அவரை எல்லோரும் மெத்தைக்காரர் என்பார்கள். பெயருக்கேற்ற மெத்தென்ற உடம்பு, மென்மையான குரல். ஆனால் அந்த மென்மைக்குள் ஒரே ஒரு ஆசை ஆணி மாதிரி இருந்தது. உட்கார்ந்தால் குத்தும்.

அந்த ஆணியின் பெயர் கண்ணாடி அறை.

கிடங்கின் வடமேற்கு மூலையில் மேலாளருக்கு ஓர் அறை. மூன்று பக்கம் கண்ணாடி. உள்ளே சுற்றுகிற நாற்காலி, வாடவே வாடாத பிளாஸ்டிக் செடி, எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கதவு. மெத்தைக்காரரின் மேஜைக்குக் கதவு கிடையாது. அது வாசலிலேயே இருந்தது. ஒரு பக்கம் லாரிப் புகை, மறு பக்கம் பஞ்சுத் தூசி. நடுவில் அவர், கையில் டெலிவரிச் சீட்டுப் புத்தகத்தோடு. பன்னிரண்டு வருடமாகத் தினமும் நாலைந்து தடவை காகிதத்தோடு அந்தக் கண்ணாடி அறைக்குள் போவார். மேலாளர் தலை நிமிராமல் கையெழுத்துப் போடுவார். திரும்பும்போது முதுகில் ஒரு வாக்கியம் வந்து விழும்.

"போகும்போது கதவைச் சாத்திட்டுப் போங்க."

நாற்காலிக்கு அவர் ஆசைப்படவில்லை. சம்பளத்துக்குக்கூட அவ்வளவாக இல்லை. தன் ஆயுளில் ஒரு தடவை, தலை நிமிராமல், அந்த வாக்கியத்தை யாரிடமாவது சொல்லிவிட வேண்டும். அதற்காகத்தான் எல்லாம்.

மேலாளர் சரியாக ஒரு வருடத்தில் ஓய்வு பெறுகிறார். அடுத்து வருபவர் பட்டதாரியாக இருக்க வேண்டும் என்று முதலாளியம்மா சொல்லிவிட்டார். இல்லாவிட்டால் அந்த இடத்துக்கு முதலாளியம்மாவின் அக்கா மகன் வருவான். அவன் ஒரு நாள் கிடங்கைச் சுற்றிப் பார்க்க வந்து, தலையணையைக் காட்டி, "இந்தச் சின்ன மெத்தை எவ்வளவு?" என்று கேட்டவன்.

ஆகவே கல்லூரி. வேலை பார்ப்பவர்களுக்கான துரிதப் பட்டப்படிப்பு. மூன்று வருடப் பாடம் பதினெட்டே மாதத்தில். வாரத்தில் மூன்று மாலை கணினியில் வகுப்பு, சனிக்கிழமை நேரில். மாதத்துக்கு ஒரு பாடம் முடியும். மூச்சு விட நினைப்பதற்குள் அடுத்தது தொடங்கும்.

ஆனால் அவருக்குப் பதினெட்டு மாதம் கிடையாது. பன்னிரண்டுதான் இருந்தது. அதற்கும் விவரக் கையேட்டின் ஏழாம் பக்கத்தில் வழி இருந்தது: ஒருவர் தன் வேலையிலும் வாழ்க்கையிலும் ஏற்கெனவே கற்றுக்கொண்டதைச் சான்றோடு எழுதிக் கொடுத்து, மதிப்பீட்டாளர் ஒப்புக்கொண்டால், அந்தப் பாடத்தைப் படிக்கவே வேண்டாம். அனுபவ விலக்கு. ஆறு விலக்கு வாங்கினால் ஆறு மாதம் மிச்சம்.

"அனுபவம்னா என்கிட்ட மூட்டை மூட்டையா இருக்கு," என்று சொல்லி, பேனாவைத் திறந்து உட்கார்ந்தார்.

அரை மணி நேரத்தில் இவ்வளவு எழுதியிருந்தார்:

'மெத்தை வரும். எண்ணுவேன். மெத்தை போகும். எண்ணுவேன்.'

இன்னும் கால் மணி நேரம் யோசித்துச் சேர்த்தார்: 'தலையணையும்.'

தாளைப் பார்த்தார். அது அவரைப் பார்த்தது. பன்னிரண்டு வருடம் ஒன்றரை வரியில் முடிந்துபோன துக்கத்தில் நிமிர்ந்தபோதுதான் மனைவி கண்ணில் பட்டாள்.

அவள் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் வேலை பார்ப்பவள். அன்றைக்கு விடுமுறை. இருந்தும் காதுக்கும் தோளுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு, "ஐயா, பயப்படாதீங்க, நாளைக்கு முதல் ஆளா உங்களைத்தான் உள்ள அனுப்புவேன்," என்று யாரையோ தேற்றிக்கொண்டிருந்தாள். ஒரு கை மகளின் நோட்டில் தப்பைச் சுட்டிக் காட்டியது. இன்னொரு கை குழாய் பழுதுபார்ப்பவருக்கு எந்தத் திருகு என்று ஜாடை காட்டியது. அடுப்பில் எதுவோ பொங்கப் போகிற நொடியில் கால் தானாக அந்தப் பக்கம் நகர்ந்தது. எதுவும் பொங்கவில்லை. யாரும் சத்தம் போடவில்லை.

மெத்தைக்காரரின் மூளையில் மணி அடித்தது. அடேயப்பா, இது முழுக்க நிர்வாகவியல்தானே! வீட்டிலேயே இவ்வளவு சரக்கை வைத்துக்கொண்டு நான் தலையணையை எண்ணுகிறேனே!

*

அடுத்த நாள் சாயங்காலம் அவர் மனைவிக்கு எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏம்மா, உன் ஆஸ்பத்திரியில ஒரே நேரத்துல நாலு பேர் வந்தா யாரை முதல்ல அனுப்புவ?"

மனைவி கையில் இருந்ததைக் கீழே வைத்தாள். "உடம்பு சரியில்லையா?"

"ஏன்?"

"கல்யாணமாகிப் பதினாலு வருஷம் ஆச்சு. என் வேலையைப் பத்தி நீங்க கேட்ட முதல் கேள்வி இது."

"சும்மா... தெரிஞ்சுக்கலாமேன்னு."

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மெல்லச் சொல்லத் தொடங்கினாள். "சத்தம் போடறவரை உக்கார வைக்கலாங்க. நிஜமா வலி இருக்கறவர் பேசமாட்டார். வாயைத் திறந்தாலே வலிக்கும். கன்னத்துல கை வெச்சுக்கிட்டு, கடைசி நாற்காலியில, சுவரைப் பாத்து உக்காந்திருப்பார். அவரைத்தான் முதல்ல அனுப்பணும்."

"ஆகா!" என்றார் மெத்தைக்காரர். உடனே எழுதினார்.

எழுதியது எதில் என்பதுதான் விஷயம். வெறும் தாளைக் கண்டால் அவர் கை விறைத்துப்போகும். பன்னிரண்டு வருடப் பழக்கத்தில் டெலிவரிச் சீட்டுப் புத்தகத்தில் மட்டும்தான் அதற்கு ஓட்டம் வரும். எனவே அச்சுப்பிழை என்று கிடங்கில் ஒதுக்கிய புத்தகம் ஒன்றை வீட்டுக்கு எடுத்து வந்திருந்தார். மேலே வெள்ளைத் தாள், அடியில் கார்பன், அதற்கடியில் ரோஸ் தாள். வெள்ளையைக் கிழித்துக்கொள்ளலாம். ரோஸ் புத்தகத்தோடு இருக்கும். கட்டத்தைக் காலியாக விடுவது அவர் ரத்தத்திலேயே கிடையாது. ஒவ்வொன்றையும் நிரப்பினார்.

சரக்கு: யாரை முதலில் அனுப்புவது. எண்ணிக்கை: ஒன்று. நிலை: சேதமில்லை. கொடுத்தவர்: மனைவி. பெற்றவர்: அவர் பெயர், கையெழுத்து, தேதி, மணி.

மறுநாள் இன்னொரு கேள்வி. "மேல்வீட்டுக்காரர் நம்ம துணி மேல தண்ணி ஊத்திக்கிட்டே இருந்தாரே, எப்படி நிறுத்தின? சண்டை போட்டியா?"

"சண்டையா? போய் யோசனை கேட்டேன். 'அண்ணே, கொடியை எங்க கட்டினா நல்லா வெயில் படும், நீங்களே சொல்லுங்க'ன்னேன். இறங்கி வந்து அவரே கட்டிக் கொடுத்தார். தானே கட்டின கொடி மேல யாராவது தண்ணி ஊத்துவாங்களா?"

சரக்கு: கொடி. நிலை: சேதமில்லை. கொடுத்தவர்: மனைவி.

மூன்றாம் நாள், அவர் வருவதற்கு முன்பே மேஜையில் இரண்டு கோப்பைத் தேநீர் இருந்தது. எதிரெதிரே இரண்டு நாற்காலி. அவள் முகம் கழுவி, தலை வாரி உட்கார்ந்திருந்தாள். பதினாலு வருடமாக உள்ளே அடுக்கி வைத்ததை ஒவ்வொன்றாக எடுத்து விரித்தாள். வராத நோயாளிகளை வரவைப்பது எப்படி. டாக்டருக்குக் கோபம் வரப்போகிறது என்று அவர் செருப்புச் சத்தத்திலேயே தெரிந்துகொள்வது எப்படி. மூன்று பேரும் ஒரே நேரத்தில் கிளம்பும் வீட்டில் ஒற்றைக் குளியலறையை ஓட்டுவது எப்படி. பேசும்போது அவள் குரலில் ஒரு வெளிச்சம் வந்தது. மெத்தைக்காரர் அதைக் கவனிக்கவில்லை. கட்டத்தை நிரப்பிக்கொண்டிருந்தார்.

பத்து நாளில் முப்பத்தொரு சீட்டு.

பிறகு கதவைத் தாழிட்டுக்கொண்டு, வெள்ளைச் சீட்டுகளைப் பார்த்துப் பளபளக்கிற தாளில் படியெடுத்தார். கையேட்டிலிருந்து பெரிய பெரிய சொற்களைக் கடன் வாங்கினார். பல் ஆஸ்பத்திரி வாசல் 'பல்முனை வாடிக்கையாளர் வருகை மேலாண்மை' ஆனது. கொடி கட்டிய கதை 'பொது வளங்களில் முரண்பாட்டுத் தீர்வு' ஆனது. குளியலறை 'குறுகிய உள்கட்டமைப்பின் உச்சப் பயன்பாடு' ஆனது. 'என் மனைவி' எல்லா இடத்திலும் 'நான்' ஆனாள்.

சான்றுக்கு லாரி டிரைவரிடம் ஒரு கடிதம் வாங்கிச் செருகினார். அதில், 'இவர் நல்லவர். லாரியை நிறுத்திவைக்க மாட்டார்,' என்று இருந்தது. வெள்ளைச் சீட்டுகள் குப்பைக்குப் போயின. புத்தகத்தைச் செருப்பு அலமாரி மேல் வைத்தார். மறந்தும் போனார்.

*

படம் வரைய ரோஸ் நிறத் தாள் வேண்டும் என்று மகள் அடம் பிடித்த அன்றைக்குத்தான் மனைவி அந்தப் புத்தகத்தைத் திறந்தாள். முதல் சீட்டைப் படித்தாள். இரண்டாவதைப் படித்தாள். அப்புறம் செருப்பு அலமாரிக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து முப்பத்தொன்றையும் படித்தாள். மகளுக்கு வேறு தாள் கொடுத்தாள்.

அன்று மேஜையில் ஒரே ஒரு கோப்பைத் தேநீர்தான் இருந்தது. அதையும் அவளே குடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, அந்தக் காலேஜ்ல விண்ணப்பிக்கக் கடைசி நாள் என்னிக்கு?"

"வெள்ளிக்கிழமை. நான் போன வாரமே கொடுத்துட்டேனே!" அவள் தன்மேல் வைத்திருக்கும் அக்கறை அவருக்கு இனித்தது.

"வேலைக்குப் போற யார் வேணும்னாலும் சேரலாமா?"

"யார் வேணும்னாலும்னா... ஒரு அனுபவம் வேணும். சும்மா போன் எடுத்து வெக்கறதெல்லாம் அனுபவத்துல வராது."

"அப்படியா," என்றாள் அவள். "சான்று வேணுமோ?"

"எழுத்துல வேணும். தேதி, கையெழுத்தோட இருந்தா ரொம்ப விசேஷம்."

"சரிங்க," என்றாள். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தாள்.

மதிப்பீடு ஒரு சனிக்கிழமை காலை. மெத்தைக்காரர் இஸ்திரி போட்ட சட்டையோடு ஸ்கூட்டரை எடுத்தபோது, அவளும் ஒரு துணிப்பையோடு பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"நீ எங்க?"

"அந்தப் பக்கம்தான் எனக்கும் ஒரு வேலை இருக்கு."

"பையில என்ன?"

"தண்ணி பாட்டில். உங்களுக்குப் பதற்றத்துல நாக்கு உலருமே."

பாட்டில் இருந்தது உண்மைதான். கல்லூரி வராந்தாவில் வரிசையாக நாற்காலிகள். ஒரு செவிலி, இரண்டு டாக்சி ஓட்டுநர்கள், ஒரு பேக்கரிக்காரர், எல்லோர் மடியிலும் கோப்பு. மெத்தைக்காரர் தன் தலைக்கவசத்தை மனைவியிடம் கொடுத்தார். அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அதைப் பிடித்துக்கொள்ளத்தான் அவள் வந்திருக்கிறாள் என்று அவர் நினைத்தார். உருகியும் போனார்.

உள்ளே மதிப்பீட்டாளர் அம்மா மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"அருமையா எழுதியிருக்கீங்க. ஒரே நேரத்துல நாலு பேர் வந்தா யாருக்கு முன்னுரிமைன்னு ஒரு பகுதி. இதை உங்க கிடங்குல எப்படிச் செய்வீங்க, சொல்லுங்க."

மெத்தைக்காரர் நெஞ்சை நிமிர்த்தினார். "சுலபங்க. சத்தம் போடற லாரியை நிறுத்தி வெச்சுடுவேன். கன்னம் வீங்கின லாரியை முதல்ல அனுப்பிடுவேன்."

"கன்னம் வீங்கின...?"

"அதாவது... ஓரமா, சுவரைப் பாத்து நிக்கற லாரி."

"லாரி சுவரைப் பாத்து நின்னா எப்படிச் சார் வெளியில போகும்?"

அவர் தண்ணீர் பாட்டிலைத் தேடினார். அது வெளியில் இருந்தது.

"பரவாயில்ல. இந்தப் பொது வளங்களில் முரண்பாட்டுத் தீர்வு. எதிராளியை எப்படிச் சம்மதிக்க வெச்சீங்க?"

"அவரை விட்டே கட்ட வெச்சேங்க."

"எதை?"

"மெத்தையை... காயப் போடறதுக்கு."

மதிப்பீட்டாளர் அம்மா அவருடைய விண்ணப்பத்தை மூடி வைத்தார். மேஜையின் கீழ்த்தட்டிலிருந்து வேறொரு விண்ணப்பக் கோப்பை எடுத்தார். அதிலிருந்து ஒரு ரோஸ் சீட்டை அவர் முன்னால் வைத்தார்.

"இது உங்க கையெழுத்துதானே?"

மெத்தைக்காரரின் முகம் மலர்ந்தது. ஆபத்தில் தெரிந்த முகத்தைப் பார்த்த மாதிரி இருந்தது. "என்னுதுதாங்க! பன்னிரண்டு வருஷமா ஒரு சுழி மாறினதில்ல."

"நீங்க கையெழுத்துப் போட்டா அந்தச் சீட்டுல இருக்கறது உண்மைன்னு எடுத்துக்கலாமா?"

"என்ன அப்படிக் கேட்டுட்டீங்க! இன்னிவரைக்கும் என் சீட்டுல ஒரு தலையணை கூடக் குறைஞ்சதில்ல. லாரிக்காரங்களைக் கேட்டுப் பாருங்க!"

"ரொம்ப சந்தோஷம். 'கொடுத்தவர்'னு இந்தக் கட்டத்துல என்ன எழுதியிருக்கீங்க, கொஞ்சம் படிங்க."

அவர் படித்தார். உதடு அசைந்தது.

"முப்பத்தொரு சீட்டுலயும் அதேதான் இருக்கு," என்றார் அந்த அம்மா. "நீங்க போகலாம். வெளியில தலைக்கவசத்தோட ஒரு அம்மா உக்காந்திருப்பாங்க, அவங்களை வரச் சொல்லுங்க."

அவர் வெளியே வந்தார். மனைவி எழுந்து தலைக்கவசத்தை அவர் கையில் கொடுத்தாள். "கொஞ்சம் பிடிச்சுக்கோங்க," என்றாள். முக்கால் மணி நேரம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளிருந்து இரண்டு தடவை சிரிப்புச் சத்தம் கேட்டது.

ஒரு வாரத்தில் கடிதங்கள் வந்தன. மனைவிக்கு ஆறு பாடங்களில் விலக்கு. அவருக்கும் ஒன்று கிடைத்திருந்தது. ஆவணப் பராமரிப்பு. கீழே மதிப்பீட்டாளர் கைப்பட ஒரு குறிப்பு: 'இத்தனை நேர்மையான ஆவணங்களை என் பணிக்காலத்தில் கண்டதில்லை.'

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே," என்றார் அவர், நாலு நாள் கழித்து.

"நீங்க சொன்னீங்களா?"

அவர் யோசித்தார். கட்டம் காலியாக இருந்தது.

"ஆனா கேட்டீங்களே," என்றாள் அவள், கொஞ்சம் இறங்கிய குரலில். "எதுக்காகக் கேட்டீங்களோ போகட்டும். பத்து நாள் கேட்டீங்க." மறுநாள் மேஜையில் மறுபடியும் இரண்டு கோப்பை இருந்தது.

*

அந்த வருடம் இரண்டு பேரும் ஒரே மேஜையில் படித்தார்கள். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்ட பாடத்தை, அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தபடி மறந்துபோனார். கிடங்கில் அவருக்கு 'மெத்தப் படிச்சவர்' என்று பெயர் வந்தது. லாரிக்காரர்கள் ஆரன் அடிப்பதற்குப் பதிலாக, "ஐயா, பாடம் எதுவரைக்கும் வந்திருக்கு?" என்று கத்தினார்கள்.

பன்னிரண்டாம் மாதம் அவள் முடித்தாள். அவருக்கு இன்னும் ஐந்து பாடம் பாக்கி. மேலாளர் பிளாஸ்டிக் செடியை மட்டும் நினைவுக்காக எடுத்துக்கொண்டு ஓய்வு பெற்றார். 'மேலாளர் தேவை, பட்டம் அவசியம்,' என்று வாசலில் ஒட்டினார்கள். மெத்தைக்காரர் அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். அன்று சாப்பிடும்போது புலம்பித் தீர்த்தார்.

"போச்சு. அந்தச் சின்ன மெத்தை வரப்போறான். அவன்கிட்டப் போய் நான் கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும்."

"வேற யாராவது வந்தா தேவலையா?"

"யார் வந்தாலும் தேவலை! அவனைத் தவிர யார் வேணும்னாலும் வரட்டும்!"

"யார் வேணும்னாலுமா?"

"எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரட்டுமா?"

"வேண்டாங்க," என்றாள் அவள். "உங்க கையெழுத்து ஏற்கெனவே நிறைய இருக்கு."

நேர்காணலில் முதலாளியம்மா அசந்துபோனாராம். பல் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவளுக்கு மூன்றாவது வரிசையில் மழைக்கு ஈரம் ஏறுவது தெரிந்திருக்கிறது. எந்த லாரிக்காரர் திங்கட்கிழமை தாமதமாக வருவார் என்பது தெரிந்திருக்கிறது. இரட்டை மெத்தையை மடக்கினால் எந்தத் தையல் பிரியும் என்பதுகூடத் தெரிந்திருக்கிறது. எப்படி என்று கேட்டதற்கு அவள் சொன்னாளாம்:

"பன்னிரண்டு வருஷமா தினம் சாப்பிடும்போது எங்க வீட்டுக்காரர் சொல்லிட்டு வராரு. நான் கேட்டுக்கிட்டு இருந்தேன்."

அடுத்த மாதம் ஒரு வியாழக்கிழமை, மாலை நாலரை மணி. மெத்தைக்காரர் கையில் ஒரு படிவத்தோடு கண்ணாடி அறைக்குள் போனார். மாலை வகுப்பு உள்ள ஊழியர்கள் அரை மணி முன்னதாகக் கிளம்ப மேலாளரின் கையெழுத்து வேண்டும். அது கல்லூரி விதி. சுற்றுகிற நாற்காலி சுற்றாமல் நின்றிருந்தது. அவள் ஏதோ பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். படிவத்தை வாங்கினாள், படித்தாள், கையெழுத்துப் போட்டாள்.

அவர் போகாமல் நின்றார். ஏதாவது ஒரு நல்ல வார்த்தை வரும் என்று ஓர் ஆசை.

வந்தது.

"உங்க பை வாசல் மேஜையிலதான் வெச்சிருக்கேன். தண்ணி பாட்டில் உள்ள இருக்கு," என்றாள் அவள், தலை நிமிராமல். "போகும்போது கதவைச் சாத்திட்டுப் போங்க."